சுரண்டிய இலக்கம்

கழுத்தில் கட்டி இருப்பதை எனக்குச் சொன்னவர் முடிவெட்டுகிறவர். டவுணில் மேலரத வீதிக்குப் பின்னால் அவர் கடை. பத்தொன்பது வருடமாக அவரிடம்தான் வெட்டிக்கொள்கிறேன். அன்று பின்கழுத்தில் கத்தியை ஓட்டிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தி, காதுக்குக் கீழே விரலை வைத்து உருட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இங்கன என்னமோ உருளுதே. வலிக்கா?”

வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று நானே தடவிப் பார்த்தேன். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு. சுண்டைக்காய் அளவு, ஒன்று மட்டும் சற்றுப் பெரிது. மூன்று நாள் காலையும் மாலையும் எண்ணினேன். ஆறு முறையும் ஐந்துதான் வந்தது. நான்காம் நாள் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். அது ஆவணி மாதம். எனக்கு வயது அறுபத்தாறு.

டாக்டர் என்னைவிட இருபது வயது இளையவர். கழுத்தைப் பார்த்தார், இரண்டு அக்குளையும் பார்த்தார், படுக்க வைத்து விலா எலும்புக்குக் கீழே இடப்பக்கமும் வலப்பக்கமும் விரலால் அழுத்தினார். மண்ணீரலும் ஈரலும் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காம். வீங்கவில்லை. காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் வேர்த்துப் படுக்கை நனைகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். எடையை மட்டும் மாதவாரியாகச் சொன்னேன். அவர் நான்காவது மாதத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

எங்கள் பக்கம் கழுத்தில் கட்டி என்றால் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். அவருக்கும் அதுதான் வந்தது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் இருந்தது. வெள்ளணுக்கள் நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு நாற்பத்திரண்டாயிரம் இருந்தன. வெள்ளணுக்களில் பல வகை உண்டு. அவற்றில் லிம்போசைட் என்பது நூற்றுக்கு நாற்பதைத் தாண்டக் கூடாதாம். எனக்கு எண்பத்து நான்கு.

நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். நூறு என்பது எந்த நூறு, யார் எண்ணினார்கள், கண்ணாடித் தகட்டின் எந்தப் பகுதியில் எண்ணினார்கள். டாக்டர் எழுந்துவிட்டார்.

“அண்ணாச்சி, நீங்க கேக்குத கேள்விக்கு நேர்ல பாத்துருங்க. வாங்க.”

பின்னால் இருந்த பரிசோதனை அறையில் மைக்ராஸ்கோப்பில் என்னைக் குனிய வைத்தார். இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு நடுவே கத்தரிப்பூ நிறத்தில் உருண்டைகள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல. அவற்றுக்கு இடையில் உருவமில்லாத சில திட்டுகள். நீலச் சாயத்தைத் துணியில் துடைத்த கறை மாதிரி. அவற்றையும் எண்ணிக்கையில் சேர்த்தார்களா என்று கேட்டேன்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இதக் கேட்ட முத ஆள் நீங்கதான். அதெல்லாம் நசுங்கிப்போன செல்லு. ரத்தத்தக் கண்ணாடில பூசி இழுப்போம்லா, அப்ப நசுங்கிரும். நல்ல செல்லு தாங்கும். சில நோய்ல செல்லு மெலிசு, தாங்காது. நசுங்கினது இவ்வளவு கெடந்தா எங்களுக்கு ஒரு சந்தேகம் வரும்.”

“என்ன சந்தேகம்?”

“ஒரு மாசம் கழிச்சு இன்னொருக்க எண்ணுவோம். சில கிருமி வந்தாலும் கூடும், பொறவு அதுவா எறங்கிரும். எறங்கலன்னா சொல்லுதேன்.”

புரட்டாசியில் எண்ணியபோது நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு. இறங்கவில்லை. இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்தார்கள். மரக்கவைக்கும் மருந்து தோலுக்கும் எலும்பின் மேற்பரப்புக்கும்தான். உள்ளிருந்து உறிஞ்சும்போது மருந்து உதவாது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். பதினொன்றில் முடிந்தது. மஜ்ஜையிலும் அதே உருண்டைகள் நிறைந்திருப்பதாகச் சொன்னார்கள். அதோடு விடவில்லை. ரத்தத்தில் கொஞ்சம் குழாயில் அடைத்து ரயிலில் மதராஸுக்குப் போயிற்று. அந்தச் செல்களின் மேற்பரப்பில் என்னென்ன அடையாளம் இருக்கிறது என்று பார்க்கும் கருவி அங்கேதான் இருந்தது. கிருமியை எதிர்க்கப் பெருகியவையானால் பல தினுசாக இருக்குமாம். எல்லாம் ஒரே தினுசாக இருந்தால், ஒரே செல் பழுதாகி, தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. எல்லாம் ஒரே தினுசு.

“க்ரானிக் லிம்போசைடிக் லுக்கீமியா,” என்றார் டாக்டர். “ரத்தப் புற்றுநோய்தான் அண்ணாச்சி. ஆனா அதுலயே பைய நடக்குத வகை. வயசானவங்களுக்கு வருதது.”

எத்தனை வருடம் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பேன்.

“அத இந்த ஒரு நம்பர வச்சுச் சொல்ல முடியாது. சில பேரு பத்துப் பதினஞ்சு வருஷம் மருந்தே இல்லாம இருக்காங்க. சில பேருக்கு வேகமாப் போயிரும். ஒரு வருஷத்துக்குள்ள எண்ணிக்கை ரெண்டு மடங்காச்சுன்னா வேகம்னு அர்த்தம், நாங்க உடனே மருந்து தொடங்கிருவோம். உங்ககிட்ட பழைய ரிப்போர்ட் ஏதாவது கெடக்கா?”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. அரசுப் புள்ளியியல் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். என்னிடம் எல்லாம் கோப்பில் இருக்கும். பையிலிருந்து எடுத்து, போன வருடம் ஆனி மாதம் கண்புரை அறுவைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொடுத்தேன்.

அவர் படித்தார். பேனா நின்றது. “எட்டாயிரத்து இருநூறு,” என்றார். விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். “பதினாலு மாசத்துல அஞ்சு மடங்கு.”

பிறகு அவர் குரல் மாறிவிட்டது. அடுத்த வாரமே மாத்திரை தொடங்கலாம் என்றார். பம்பாயில் இருக்கும் மகனுக்கு எழுதிவிடுங்கள் என்றார். பேசிக்கொண்டே அந்தத் தாளை மேஜை விளக்குக்கு நேரே ஒரு முறை தூக்கிப் பிடித்தார், தேதியைப் பார்க்கத்தான். எட்டுக்கு முன்னால் காகிதம் மெலிந்து, அரைக் கடுகளவு இடத்தில் வெளிச்சம் ஊடுருவி வந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன்.

அங்கே ஒரு இலக்கம் இருந்தது. அதைப் பிளேடால் சுரண்டி எடுத்தவன் நான்.

எப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு போகத்திலும் எவ்வளவு நெல் விளைந்தது என்று மொத்த வயலையும் அறுத்து நிறுத்துச் சொல்ல முடியாது. ஊருக்கு இரண்டு வயலைக் குலுக்கலில் தேர்ந்தெடுப்போம். வயலுக்குள் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அந்தச் சதுரத்தை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு, அதை வைத்து வட்டாரம் முழுவதற்கும் கணக்கிடுவோம். முதல் ஒன்பது வருடம் நான் வயலில் நின்றேன். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் அனுப்பும் எண்களைச் சரிபார்த்தேன். ஒரு ஊரின் எண் முந்தைய ஐந்து வருட சராசரியைவிட மிக அதிகமாக வந்தால் ‘பொருந்தவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதுவேன். திருப்பியனுப்பி மறுபடி அறுக்கச் சொல்ல நேரமிருக்காது, வயலில் அதற்குள் உழவு ஓட்டியிருப்பார்கள். நானே சராசரிக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைப் போட்டுவிடுவேன். தாள் அசிங்கமாகாமலிருக்க, பழைய எண்ணை அரைப் பிளேடால் மெல்லச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டு அதன் மேல் எழுதுவேன். மை பரவாது. அலுவலகத்தில் இதை என்னளவு சுத்தமாகச் செய்ய ஆளில்லை. அதை ஏமாற்று என்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பிழையைத் திருத்துவதாகத்தான் நினைத்தோம்.

கண் ஆஸ்பத்திரியில் சர்க்கரை, சிறுநீர், வெள்ளணு எண்ணிக்கை மூன்றும் எடுத்து வரச் சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள். ரயில் சந்திப்பிலிருந்து சிந்துபூந்துறைக்குப் போகும் தெருவில் ஒரு அம்மாள் சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தாள். அங்கே போனேன். மறுநாள் தாளைத் தரும்போது அவள் ஏதோ சொன்னாள். எண்ணிக்கை கூடுதலாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்பதுபோல. நான் அவளிடம் கடிந்து பேசிவிட்டு வந்தேன். வீட்டில் ஜன்னலோரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை, எல்லாம் மோருக்குள் பார்ப்பதுபோலத் தெரியும். எட்டாயிரத்து இருநூறு என்பது புரிந்தது. அதற்கு முன்னால் ஒரு கறுப்பு நெளிவு. ஐந்து இலக்கத்தில் ஒரு மனிதனுக்கு வெள்ளணு இருக்க முடியாது, நான் இரண்டு வேளை நடக்கிறவன், காய்ச்சல் வந்து ஏழு வருடமாகிறது, ஆகவே அவள் கை தவறியிருக்கிறாள் என்று முடிவு செய்தேன். அறுவை தள்ளிப்போனால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்ற பயமும் இருந்தது. முன்னால் நின்ற நெளிவு பொருந்தவில்லை. எடுத்துவிட்டேன். கண் அறுவை நன்றாக நடந்தது.

இப்போது டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தபோது அந்த நெளிவு ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் டிக்கெட் எண்ணைக்கூட மறக்காத எனக்கு அது தெரியவில்லை. டாக்டரிடம் சொல்லவும் இல்லை. ஐந்து நாள் தவணை கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் பழைய லாகரிதம் அட்டவணையை எடுத்தேன். எட்டாயிரத்து இருநூறு நாற்பத்திரண்டாயிரமாக வளர்ந்தது என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. அது பொய் என்று எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. சுரண்டியது ஒன்று என்றால், பதினெட்டாயிரத்து இருநூறு; இரட்டிக்கப் பதினொன்றரை மாதம். அப்போதும் மருந்துதான். இரண்டு என்றால் இருபத்து நாலு மாதம். மூன்று என்றால் எட்டரை வருடம். ஒரு இலக்கம்.

மனைவி எதிரில் வந்து நின்றாள். அவளிடம் நோயைச் சொன்னேன். சுரண்டியதையும் சொன்னேன். அவள் உடனே அழவில்லை.

“அன்னைக்கு ஜன்னல்ட்ட உக்காந்து என்னத்தயோ சுரண்டிட்டு இருந்தியளே, அதா?”

“நீ பாத்தியா? என்ன நம்பர்னு பாத்தியா?”

“நான் என்னத்தக் கண்டேன். ஏதோ ஆபீசு ஞாபகத்துல சுரண்டுதியன்னு நெனச்சேன். ரிட்டயராகியும் புத்தி போகலியேன்னு உள்ள போயிட்டேன்.” உட்கார்ந்தாள். பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே, “டாக்டர்ட்ட நேரா சொல்லிர வேண்டியதுதான? ஒரு ரூவா பேனாவத் தொலச்ச மாதிரி ஒளிச்சிட்டு வந்து நிக்கியளே,” என்றாள்.

சொல்லியிருக்க வேண்டும்தான். சொன்னால் மட்டும் இலக்கம் வந்துவிடாதே என்று அவளிடம் வாதாடினேன்.

மாலையில் என் நண்பர் வந்தார். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ஊரில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பழக்கமே அவர் அனுப்பிய விளைச்சல் எண்ணை நான் வெட்டியதில் தொடங்கியதுதான். சண்டைக்கு வந்தவர் காப்பி குடித்துவிட்டுப் போனார், அன்றிலிருந்து வருகிறார். அவரிடமும் சொன்னேன்.

“என்ன நம்பர் வே அது?”

“அதான் தெரியல.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவும் முடியவில்லை. “அந்தப் பிசானத்துல எங்க ஊருக் களத்துல நெல்லு போட எடமில்லாம ரோட்டுல கெடந்துச்சு. நீரு ஆபீசுல ஃபேனுக்கு அடில உக்காந்து பொருந்தலன்னு எழுதி முக்காலாக்கினீரு. இப்ப உம்ம ரத்தத்துக்கும் அதே வைத்தியமா வே?”

“சிரிக்காதேயும். எனக்கு உசிரு போகுது.”

“உசிரு போகல. நம்பர்தான் போயிருக்கு.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தம்மா ரிஜிஸ்தர் வச்சிருப்பா. நாளைக்குக் காலைல கெளம்பும், நானும் வாரேன். அவ வீட்ல ஆளில்லன்னா நடைலயே உக்காந்திருப்போம்.”

பரிசோதனை நிலையம் இருந்த தெரு ஆற்றை ஒட்டியது. முந்தைய ஐப்பசிக் கடைசியில் அணைகளைத் திறந்துவிட்டதில் ஆறு ஊருக்குள் வந்தபோது அந்தத் தெருவில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. நாங்கள் போனபோது கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகியிருந்தும் சுவரில் வண்டல் கோடு அப்படியே இருந்தது. உள்ளே போனதும் அதைத்தான் பார்த்தேன். ரிஜிஸ்தர் வைக்கும் அலமாரியின் நான்கு தட்டில் மூன்று, கோட்டுக்குக் கீழே.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக வைத்தவள். என் தாளை வாங்கிப் பார்த்தாள். தலைப்பில் வரிசை எண் 417 இருந்தது. எண்ணிக்கை இருந்த இடத்தை விரல் நுனியால் தடவினாள். ஒரு தடவைதான் தடவினாள்.

“யாரு சார் சுரண்டினது?”

“நான்தான்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “அன்னைக்கு என்கிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? மருந்தக் கலக்கத் தெரியாம கடையத் தொறந்து வச்சிருக்கியேன்னீங்க. ரெண்டு பேஷண்ட் பக்கத்துல இருந்தாங்க. வெள்ளத்துல இந்த அறைக்குள்ள பாம்பு வந்தது சார், அதக்கூட மறந்துட்டேன். இத மறக்கல.”

நான் மன்னிப்புக் கேட்டேன். உட்கார்ந்தபடி கேட்டது சரியில்லை என்று தோன்றி, எழுந்து நின்று இன்னொரு முறை கேட்டேன். எதற்காக அந்த இலக்கம் வேண்டும் என்பதையும் சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. அலமாரியைத் திறந்தாள்.

ரிஜிஸ்தரை வெயிலில் காய வைத்து எடுத்திருந்தாள். பக்கங்கள் அப்பளம்போலப் புடைத்து நொறுங்கின. 417 இருக்க வேண்டிய பக்கம் முழுவதும் நீலக் கறை. ஒரு எழுத்து மிச்சமில்லை. நண்பர் என் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார்.

“மை நிக்கல சார்,” என்றாள். “ஆனா நான் எண்ணும்போது பென்சில்லதான் குறிப்பேன். பொறுங்க.”

எண்ணும் முறையை அவள் சொன்னபோது எனக்கு வயல் நினைவுக்கு வந்தது. தடித்த கண்ணாடித் தகட்டில் நுண்ணிய கோடுகள் கீறியிருக்கும். இருபது பங்காக நீர்த்த ரத்தத்தை அதில் விட்டு, நான்கு மூலைச் சதுரங்களில் மட்டும் இருக்கும் வெள்ளணுக்களை எண்ணுவார்கள். நான்கையும் கூட்டி ஐம்பதால் பெருக்கினால் எண்ணிக்கை. நாங்கள் கயிறு கட்டிய அதே வேலை, சதுரம்தான் சிறியது. நான்கு சதுரத்தின் எண்களையும் அவள் தனியே ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் எழுதிவிட்டு, கூட்டிப் பெருக்கிய விடையை மட்டும் ரிஜிஸ்தரில் மையால் எழுதுவாள்.

நோட்டு அலமாரியின் பின்னால் இருந்து வந்தது. வண்டல் ஒட்டி, செங்கல் மாதிரி இருந்தது. பக்கங்களைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இருபது நிமிடம் ஆயிற்று. பென்சில் எழுத்து நீரில் போகவில்லை. 417 வந்தது. ஒரு கட்டம் வரைந்து நான்கு மூலையிலும் எண். 139. 146. 137. நான்காவது மூலை முந்தைய பக்கத்தோடு ஒட்டிப்போய்ப் பிரிக்கும்போது கிழிந்துவிட்டது. வண்டல்தான் இருந்தது.

“ஒண்ணு போயிட்டே வே,” என்றார் நண்பர்.

நான் தாளைக் கேட்டு வாங்கினேன். மூன்றையும் கூட்டினால் நானூற்று இருபத்திரண்டு. என் தாளில் மிச்சமிருக்கும் எட்டாயிரத்து இருநூறுக்கு முன்னால் ஒன்று இருந்திருந்தால், நான்கு சதுரமும் சேர்ந்து முந்நூற்று அறுபத்து நான்குதான் வர வேண்டும். மூன்றே அதைத் தாண்டிவிட்டது. ஆகவே ஒன்று இல்லை. மூன்று இருந்திருந்தால் மொத்தம் எழுநூற்று அறுபத்து நான்கு. நான்காவது சதுரத்தில் மட்டும் முந்நூற்று நாற்பத்திரண்டு இருந்திருக்க வேண்டும். பக்கத்துச் சதுரங்களில் நூற்று நாற்பது சொச்சம் இருக்கும்போது அது நடக்காது. இரண்டு என்றால் நான்காவதில் நூற்று நாற்பத்திரண்டு. மற்ற மூன்றுக்கும் ஒத்த எண்.

இரண்டு. இருபத்தெட்டாயிரத்து இருநூறு. ஒன்றுக்கு இரண்டு தடவை போட்டுப் பார்த்து அந்த அம்மாளிடம் நீட்டினேன். அவளும் போட்டுப் பார்த்தாள்.

“அன்னைக்கு உங்க ரத்தத்தக் கண்ணாடில இழுத்தும் பாத்தேன் சார். சீட்டுல கேக்கல, என் மனசுக்குப் பாத்தேன். நெறைய நசுங்கி இருந்துச்சு. நான்தான் அழுத்தி இழுத்துட்டேன்னு நெனச்சு வேற கண்ணாடில இழுத்தேன். அதுலயும் நசுங்கி இருந்துச்சு. என் கை போயிட்டுன்னே முடிவு பண்ணிட்டேன். நீங்க வேற வந்து அப்படிச் சொன்னீங்களா.” நோட்டை மூடினாள். “ஆஸ்பத்திரில இருந்திருந்தா பெரிய டாக்டர்ட்ட கொண்டு காமிச்சிருப்பேன். இங்க நான் ஒருத்திதான.”

அவள் கையைச் சந்தேகப்பட அவளுக்கு நான் ஒரு காரணமாக இருந்திருக்கிறேன். கிழிந்த பக்கத்தை நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டேன். அவள் நோட்டையே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் டாக்டரிடம் நோட்டையும் தாளையும் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளை இம்முறை வேண்டுமென்றே விளக்குக்கு நேரே பிடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அண்ணாச்சி, நான் மாத்திரை எழுதியிருந்தா? அது சும்மா சத்து மாத்திரைன்னு நெனச்சீங்களா? மஜ்ஜைய அமுக்குத மருந்து. தேவையில்லாம திங்குததுக்கா?”

“தப்புதான்.”

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“வெக்கமா இருந்துச்சு.”

அவர் அதற்கு மேல் திட்டவில்லை. நான் போட்ட கணக்கைப் பார்த்தார். பழைய பரிசோதனையில் லிம்போசைட் எத்தனை விழுக்காடு என்று தெரியாதென்பதால் இது தோராயம்தான் என்றார். ஆனால் வேகம் எந்தப் பக்கம் என்பதற்கு இது போதும் என்றார். என் ரத்தத்தில் சிவப்பணு குறையவில்லை, தட்டணு குறையவில்லை, மண்ணீரல் வீங்கவில்லை, கழுத்தில் ஐந்து கட்டி மட்டும். இந்த நிலையில் இருபத்து நாலு மாதத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் இப்போதைக்கு மருந்து வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கொண்டு காத்திருக்கலாம். ரத்தம் குறைந்தாலோ, எடை இறங்கினாலோ, எண்ணிக்கை வேகம் பிடித்தாலோ அன்று தொடங்கலாம்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவிக்குப் புரியவில்லை. “கேன்சருங்காங்க. மருந்து வேண்டாங்காங்க. அப்பம் என்னதான் செய்யணும்?” என்றாள். ஒன்றும் செய்ய வேண்டாம், அதுதான் செய்ய வேண்டியது என்றேன். அவள் நம்பாமல் பாளையங்கோட்டைக்கு என்னோடு வந்து டாக்டரிடமே கேட்டுவிட்டுத்தான் ஓய்ந்தாள். எனக்கும் அது எளிதாக இல்லை. மாத்திரை என்றால் வேளைக்கு இத்தனை என்று இருந்திருக்கும். காத்திருப்பதில் எண்ண எதுவுமில்லை, நாளைத்தான் எண்ணலாம். அந்த மூன்று மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

மார்கழிக் கடைசியில் ரத்தம் கொடுக்க டாக்டர் தன் ஆஸ்பத்திரிக்கே வரச் சொன்னார். நான் அந்த அம்மாளிடமே எண்ணச் சொல்லலாமா என்று கேட்டேன். அவரும் ஒரே கை எண்ணுவது நல்லது என்றார். அவள் சம்மதித்தாள். மறுநாள் போனபோது தாளை உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்தும் போட்டிருந்தாள். முகவரி டாக்டருடையது.

“நீங்க கொண்டு போகலாம் சார். பாக்கத்தான் கூடாது.”

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நானும் கேள்வி கேட்கவில்லை.

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது கணக்குப் போட்டேன். புரட்டாசியில் நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு. இருபத்து நாலு மாதத்தில் இரட்டிப்பது உண்மையானால், மூன்று மாதத்தில் நாற்பத்தாறாயிரத்து நானூறு பக்கம் இருக்க வேண்டும். இந்த எண்ணை நான் மிகவும் விரும்பினேன். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. உறையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பையின் அடியில், கோப்புக்குக் கீழே வைத்துவிட்டேன்.

டாக்டர் உறையைக் கிழித்துப் படித்தார். படித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

ஐம்பத்தோராயிரத்து இருநூறு. என் கணக்கைவிட நாலாயிரத்து எண்ணூறு அதிகம்.

கழுத்தைத் தடவினார், வயிற்றை அழுத்தினார். கட்டி ஐந்துதான், பெரிதாகவில்லை. ரத்தமும் குறையவில்லை. “ஒரு தடவ கூடினத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது,” என்றார். “சளி புடிச்சிருந்தாக்கூட இவ்வளவு ஏறும். அடுத்த மூணு மாசம் பாப்போம். உங்களுக்கு மனசு கேக்கலன்னா இங்க இன்னொருக்க எடுத்து எண்ணச் சொல்லுதேன். என்ன சொல்லுதீங்க?”

தாளைக் கையில் எடுத்தேன். அவள் எண்கள் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஐந்தின் தலையில் நீளமாக ஒரு கோடு இழுப்பாள். எனக்குச் சளி பிடிக்கவில்லை. அடுத்த மூன்று மாதமும் தூக்கம் வராது என்பதும் தெரிந்தது.

“வேண்டாம் டாக்டர்,” என்றேன். “இருக்கபடியே எழுதிக்கிடுங்க.”

அவர் என் கோப்பில் எழுதினார். எழுதி முடிக்கும்வரை இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.